வரிசையில் நிற்க ஆசைப்பட்டவன்

பந்தியில் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, தன் சாப்பாட்டை மட்டும் முதல் நாளே பொட்டலமாக வாங்கித் தின்றுவிட்டவனின் தொழில்தான் தேர்தல் கடமை. என்னோடு அந்தப் பந்தியில் வாளி தூக்கிய ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் இதைப் படித்த உடனே தலையாட்டுவார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். விளக்குவது என் பழைய வியாதி; பள்ளிக்கூடத்தில் பிடித்தது, ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

வாக்கெடுப்பு நிலையத்தில் கடமை செய்கிறவரைச் சொந்த ஊரில் போடமாட்டார்கள். அவர் வேறு ஊரில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும்போது தன் ஊரில் வரிசையில் நிற்க முடியாது. ஆகவே அவருக்குத் தபால்மூல வாக்கு. சட்டத்தின் தராசில் இரண்டுக்கும் ஒரே எடை. அதை நான் மறுக்கவில்லை. சட்டத்தை மறுக்கிற பழக்கம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் எனக்கு ஓர் ஆசை இருந்தது. காலை ஏழு மணிக்கு என் ஊரான கந்தப்பளையில், என் சனங்களோடு வரிசையில் நின்று, என் பெயரை யாரோ சத்தமாகப் படிக்க, சீட்டை மடித்து என் கையாலேயே பெட்டிக்குள் போடவேண்டும். சேவைக்காலம் முழுவதும் அது நடக்கவில்லை. நடந்ததெல்லாம் கீழே.

வெறும் பெட்டி

என் முதல் கடமை இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வாக்கெடுப்பு நிலையம் பிள்ளைக்காம்பரா. வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. முகவர்கள் உட்காருவதற்கு இருந்தவை முழங்கால் உயரப் பெஞ்சுகள் மட்டும்தான். நான்கு கட்சிகளின் முகவர்களும் முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு ஜனநாயகத்தைக் கண்காணித்தார்கள். தொட்டில் கயிறுகளை விட்டத்தோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிவிட்டு, அதன் கீழே பெட்டியை வைத்தோம்.

வாக்கெடுப்பு தொடங்குமுன் பெட்டி காலி என்பதை அங்கிருப்பவர்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். இது சட்டம். காட்டாமல் பூட்டக்கூடாது. தேர்தல் அலுவலர் கைநூலை மனப்பாடம் செய்திருந்த நான், சும்மா காட்டினால் போதாது என்று பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவி, கையை வெளியே எடுத்து விரல்களையும் விரித்துக் காட்டினேன். வரிசையில் முதலாவதாக நின்ற பெண், கல்யாணச் சேலையைப் போலிருந்த பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தார். பார்த்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்:

"காலியா இருக்கிறத இம்புட்டு நல்லா காட்டுறீங்க சேர். ரொம்புன பொறகு எங்களுக்கு என்னா கெடைச்சுச்சுன்னும் ஒரு நாளைக்கி வந்து காட்டுங்களே."

கறை

வாக்களிக்க வருகிறவரின் இடதுகைச் சின்ன விரலைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மை இருந்தால் சீட்டுக் கொடுக்கக்கூடாது. இந்த விதியைக் கொழும்பிலிருந்து எழுதியவர்கள் தேயிலை மலைக்கு வந்திருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம். கொழுந்து எடுக்கிற கையில் சாறு பட்டுப் பட்டுக் கறுத்துவிடும். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும்தான் அதிகம் என்றாலும், சின்ன விரலின் நகக்கண் வரைக்கும் அது இறங்கியிருக்கும். எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒரு தேர்தலில் விரல் பார்க்கும் வேலை, பட்டினத்திலிருந்து வந்த ஓர் இளம் அலுவலருக்கு. முதல் பெண்ணின் விரலைப் பார்த்தார், முகம் மாறியது. இரண்டாவது பெண், மூன்றாவது பெண். நான்காவது பெண் வந்ததும் எழுந்து, தலைமை தாங்கிய என் மேசைக்கு ஓடிவந்து, ஒரு பெரிய மோசடி நடக்கிறது, இந்தத் தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் வேறெங்கோ வாக்களித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று காதில் சொன்னார். நான் அவரை உட்கார வைத்து, தேயிலைச் சாறு பற்றிச் சிறிய விரிவுரை ஒன்று நடத்த வேண்டியிருந்தது. வரிசை காத்திருந்தது. விரலை நீட்டியபடியே நின்ற நான்காவது பெண்ணுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர் அந்த இளைஞரைப் பார்த்துக் கேட்டார்:

"இந்தக் கற எனக்கு இருவது வருசமா இருக்கு தம்பி. அப்ப இருவது வருசமா நா ஓட்டு போட்டுக்கிட்டேவா இருக்கேன்?"

பொட்டலச் சாப்பாடு

தபால்மூல வாக்கு எப்படியிருக்கும் என்று கேட்பீர்கள். தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னால், பள்ளிக்கூட விஞ்ஞான அறையில், பள்ளி அதிபர் முன்னிலையில். பத்து வருடமாக உங்களைத் தெரிந்த அதிபருக்கு, நீங்கள் யார் என்று நிரூபிக்க அடையாள அட்டையைக் காட்டுவீர்கள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவார். அது அவர் கடமை. பிறகு குடுவைகளுக்கு நடுவில் ஒரு மூலையில் போய்ப் பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி போட்டு, சிறிய உறைக்குள் வைத்து ஒட்டி, அந்த உறையைப் பெரிய உறைக்குள் வைத்து ஒட்டிக் கொடுத்துவிட்டு, எட்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கப் போய்விடலாம்.

என் மனைவி சரோஜா தையல் வேலை செய்பவர். அரசாங்க உத்தியோகம் இல்லாத பாக்கியசாலி. ஒவ்வொரு தேர்தலிலும் வரிசையில் நின்றுதான் வாக்களித்தார். கடமை முடிந்து மறுநாள் நான் வீட்டுக்கு வந்தால் கதை கதையாகச் சொல்வார். கொழும்பிலிருந்து யார் யார் வந்திருந்தார்கள், யார் வயிற்றில் பிள்ளையோடு நின்றாள், பத்து வருடமாகப் பேசாத இரண்டு சம்பந்திகள் வரிசையில் முன்னும் பின்னுமாக மாட்டிக்கொண்டு எப்படிச் சிரித்துவிட்டார்கள். நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். என் கதையைக் கேட்டார் ஒரு முறை. உறைக்குள் உறை வைத்து ஒட்டியதைச் சொன்னேன். அவர் தையல் மெசினை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"ஓட்டு போட்ட மாதிரியா இருக்கு இது? லீவு கடுதாசி எழுதிக் குடுத்த மாதிரில்ல இருக்கு."

கேட்காத காகிதம்

எந்தெந்த அடையாள அட்டை செல்லும் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், இப்படிச் சில. அவற்றில் ஏதாவது ஒன்று போதும். ஒரு தேர்தலில், நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். தேசிய அடையாள அட்டையை மேசையில் வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பொலித்தீன் உறை. அதற்குள் நான்காக மடித்து, மடிப்பு கிழிந்து, பின்னால் பிளாஸ்டர் ஒட்டிய ஒரு காகிதம். அவருடைய அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ்.

எங்கள் மலையக மக்களிடமிருந்து பிரஜாவுரிமையையும் வாக்கையும் எடுத்ததும் ஒரு சட்டம்தான்; கொடுத்ததும் ஒரு சட்டம்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை பெட்டியைக் கண்ணால் காணாமலே போய்ச் சேர்ந்தது. அதெல்லாம் அந்தக் காகிதத்தின் மடிப்பில் இருந்தது. ஆனால் நான் கைநூல் மனிதன். பட்டியலில் இந்தக் காகிதம் இல்லை, தேவையும் இல்லை, உங்கள் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறது, அட்டை ஒன்றே போதும், இதை மழையில் கொண்டுவந்து நனைக்காதீர்கள் என்று விளக்கினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை எனக்கு நேராகத் திருப்பி, நான் ஒரு வரியாவது படிக்கும் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் சேர். கேக்காட்டியும் காட்டிட்டுத்தான் போடணும்னு எங்கப்பா சொல்லியிருக்காரு."

நாலு மணி பத்து

பட்டிப்பொல ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு பள்ளிக்கூடம். குளிரில் மைப் போத்தலே விறைத்துவிடும் போலிருந்தது. நான்கு மணிக்கு வாக்கெடுப்பை மூடினோம். பெட்டியின் வாயை அடைத்து முத்திரையிட்டோம். முகவர்கள் ஒப்பமிட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். தோளில் பை, காலில் சேறு. கொழும்பில் புடவைக்கடையில் வேலை. வாக்களிக்கப் போகிறவருக்கு முதலாளி லீவு கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தூரத்துக்கு ஏற்றபடி லீவும் கூடும். முதலாளியும் கொடுத்திருக்கிறார். கடையைத் திறந்து, முதல் வியாபாரம் ஆன பிறகு. அதற்குப் பிறகு கிடைத்த ரயில், தானும் தன் பங்குக்குத் தாமதித்திருக்கிறது. நிலையத்திலிருந்து மேட்டை ஓடியே ஏறியிருக்கிறார்.

மணி நாலு பத்து. நான் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, முத்திரையிட்ட பெட்டியைப் பார்த்தார். சண்டை போடுவார் என்று முகவர்கள் எழுந்தார்கள். அவர் சண்டை போடவில்லை. தோளிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, சின்ன விரலை மட்டும் நீட்டினார். வாக்களிக்காதவருக்கு மை வைப்பது பொய்ச் சாட்சி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்த ஒரு முறை, கைநூலை மறந்து மையை வைத்துவிடலாம் என்றும் தோன்றியது. மைப் போத்தலும் ஏற்கெனவே உறைக்குள் போய் முத்திரை விழுந்திருந்தது, அதனால் தப்பினேன். அவர் சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது:

"மையாவது வெச்சு விடுங்க சேர். அம்மா வெரலத்தான் மொதல்ல பாப்பாங்க."

சரியாக எழுதிய விண்ணப்பம்

தபால்மூல வாக்குக்கான விண்ணப்பத்தில் வாக்காளர் இடாப்பிலுள்ள உங்கள் தொடர் இலக்கத்தை எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நான்தான் இதை நிரப்பிக் கொடுப்பேன். பிழை விட்டால் நிராகரித்துவிடுவார்கள் என்று பயமுறுத்தியும் வைப்பேன். ஒரு பாராளுமன்றத் தேர்தலின்போது, எல்லோரும் பழைய இடாப்பைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, என் விண்ணப்பத்தை மட்டும் மிகப் புதிய தகவலோடு அனுப்புவோம் என்று கிராம உத்தியோகத்தரிடம் போனேன். அப்போது திருத்தப்பட்டுக்கொண்டிருந்த புதிய இடாப்பைக் கேட்டு வாங்கி, அதிலிருந்த இலக்கத்தை அழகாக எழுதி அனுப்பினேன்.

விண்ணப்பம் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னுடையது மட்டும். தேர்தல் நடப்பது அத்தாட்சிப்படுத்தி முடித்த இடாப்பின்படி. திருத்திக்கொண்டிருக்கிற இடாப்பு அந்தத் தேர்தலுக்குப் பிறக்காத பிள்ளை. இது எனக்குத் தெரியாததல்ல, தேர்தல் அலுவலர்களுக்கு நானே பயிற்சி வகுப்பெடுத்திருக்கிறேன். அந்தத் தேர்தலில் தபாலும் இல்லை, வரிசையும் இல்லை. காலை ஏழிலிருந்து நாலு வரைக்கும் ஒரு தோட்டத்துச் சனம் முழுவதற்கும் சீட்டுக் கொடுத்துவிட்டு, வாக்கே இல்லாத ஒரே ஆளாக அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. முன்னதாக நுவரெலியா தேர்தல் அலுவலகத்துக்குப் போய் மேன்முறையீடு செய்து பார்த்தேன். அங்கிருந்த சிங்கள அம்மா நல்லவர், தமிழும் பேசினார்; ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்து மாத்தயாதான். என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னார்:

"நீங்க எழுதினது எல்லாம் சரி மாத்தயா. ஆனா அது இந்த எலெக்சனுக்கு இல்ல, அடுத்த எலெக்சனுக்கு."

கந்தப்பளையில் ஒரு காலை

அறுபது வயதில் ஓய்வு. இனி யாரும் கடமைக்குக் கூப்பிட முடியாது. அதற்குப் பிறகு வந்த முதல் தேர்தலுக்காக நான் செய்த ஆயத்தத்தை என் மகளின் கல்யாணத்துக்குக்கூடச் செய்யவில்லை என்பது சரோஜாவின் குற்றச்சாட்டு. இடாப்பைக் காட்சிக்கு வைத்தபோது இரண்டு முறை போய் என் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். தேர்தலன்று வேட்டி கட்டி, மப்ளர் சுற்றி, ஆறரைக்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் எட்டுப் பேர். பின்னால் சரோஜா. மூடுபனி விலகவில்லை. முன்னால் நின்றவர்கள் கொழுந்து விலை பேசினார்கள், பின்னால் நின்றவர்கள் மாப்பிள்ளை பேசினார்கள். நான் அத்தனை வருடத்துக்கும் சேர்த்து நின்றேன்.

உள்ளே போனேன். இடாப்பு மேசையிலிருந்த பெண் என் பெயரைச் சத்தமாகப் படித்தார்: கருப்பையா சுப்பிரமணியம். படித்துவிட்டு நிறுத்தினார். அந்த வரியில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. எங்கள் பகுதியில் கருப்பையாக்கள் அதிகம். அவர்கள் பெற்ற சுப்பிரமணியங்கள் அதிலும் அதிகம். இரண்டு பக்கம் தள்ளி இன்னொரு கருப்பையா சுப்பிரமணியம் இருந்தார். சற்று முன்னால் வாக்களித்துப் போன எட்டுப் பேரில் ஒருவர். தன் அடையாள அட்டையோடுதான் வந்திருக்கிறார், அவர்மேல் குற்றமில்லை. அவசரத்தில் அவருக்குரிய கோடு என் பெயரில் விழுந்துவிட்டது. அவருடைய வரி சுத்தமாக இருந்தது.

தலைமை தாங்கும் அலுவலர் எழுந்து வந்தார். என்னுடைய பயிற்சி வகுப்பில் இருந்தவராம். முகம் வெளிறிப்போயிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த இன்னொரு வரியில் கோடு போட்டு எனக்குச் சீட்டுத் தருகிறேன் என்றார். இரண்டு சுப்பிரமணியம், இரண்டு வாக்கு, கணக்குச் சரியாக வரும், யாருக்கும் நட்டமில்லை. முகவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு விஷயத்தில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போனதை நான் அன்றுதான் பார்த்தேன். சீட்டுக்கட்டு மேசையில் இருந்தது. பெட்டி நான்கடி தூரம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆனால் அந்த வரியில் இருப்பவர் நானில்லை. இன்னொருவர் பெயரில் சீட்டுக் கேட்பது குற்றம் என்று இதே மனிதருக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். இப்படி ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் சட்டத்தில் இடமுண்டு. பிரகடனம் ஒன்றில் ஒப்பமிட்டால் வேறு நிறத்தில் ஒரு சீட்டுத் தருவார்கள். அடையாளமிட்டு அதைப் பெட்டியில் போடக்கூடாது. தலைமை தாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும், அவர் தனி உறையில் வைப்பார். அதை எண்ணுவதும் இல்லை. அந்தச் சீட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, யாரும் அதுவரை கேட்டதில்லை. எந்த உறைக்குள் இருக்கும் என்று நானே சொல்லி எடுக்க வைத்தேன். மறைப்புக்குப் பின்னால் போனேன். அடையாளமிட்டேன். மடித்தேன். கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். சரோஜா அதற்குள் தன் சீட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, நான் போடுவதைப் பார்க்கவென்று வாசலில் நின்றிருந்தார். உறையை ஒட்டுவதைப் பார்த்ததும், இதுவும் லீவு கடுதாசிதானா என்று கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் மப்ளரைச் சரிசெய்துவிட்டார்.

வெளியே தேநீர்க் கடையில் மற்றச் சுப்பிரமணியம் உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான். செய்தி எங்களுக்கு முன்னால் அங்கே போயிருந்தது. எழுந்து இடம் விட்டு, எனக்கும் சரோஜாவுக்கும் தேநீர் சொன்னார். ஏதோ தன் தவறு போல என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மனச விடாதீங்க சேர். நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் நா புள்ளடி போட்டிருக்கேன்."

எனக்காக யாருக்குப் போட்டார் என்று தெரிந்துகொள்ள இன்றைக்கும் ஆசைதான். ஆனால் வாக்கு இரகசியமானது, எவரும் எவரையும் கேட்கக்கூடாது என்று சட்டம் சொல்கிறது.